அதிகாரிக்கு வைத்த சர்பத்

எழுபதுகளின் நடுவில், விருத்தாசலத்தில் நான் சொந்தமாக ஷெட் போட்டுப் பீங்கான் சாமான் செய்ய ஆரம்பித்திருந்த சமயம் அது. என் பெருமையை நானே பேசக் கூடாதுதான். ஆனால் பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கட்டின வேட்டியோடு வந்து, களிமண் மிதிக்கும் வேலையில் சேர்ந்தேன். மண் மிதித்தவன் சூளைக்கு நெருப்புப் பார்ப்பவன் ஆனேன், அப்புறம் முதலாளி ஆனேன். என் ஷெட்டில் செய்த ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் ரயிலேறி நான் பார்க்காத ஊருக்கெல்லாம் போயிருக்கின்றன.

அப்படித் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தபோதுதான் என் பொண்ணுக்கு உடம்புக்கு வந்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவும் அளவுக்கு இளைத்துப்போனாள். ஒருநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. வாடகைக் கார் பிடித்துப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சக்கரை வியாதி என்றார்கள். அது வயசானவர்களுக்கு, அதுவும் வசதியானவர்களுக்கு வருகிற வியாதி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

தினமும் இன்சுலின் ஊசி, ஆயுசுக்கும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து வீட்டிலேயே போட வேண்டும். மருந்துப் புட்டியை ஈர மணல் போட்ட பானைக்குள் குளுமையாக வைக்க வேண்டும். சூளை வாயில் முகம் வெந்தும் அசையாமல் நின்ற ஆள் நான். அந்த ஊசியை என் பொண்ணு மேல் குத்த என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரி என் கையிலிருந்து அதை வாங்கிப் போட்டாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று.

மூத்திரத்தை மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்க்கும் வேலை மட்டும் என்னுடையது. நீலமாகவே நின்றால் நல்லது, செங்கல் நிறத்துக்குப் போனால் சக்கரை மிதமிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிறவனுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் விட்டால் ரத்தத்தில் சக்கரை ரொம்ப இறங்கிவிடும். வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும். உடனே சக்கரையோ வெல்லமோ கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"சக்கரை வியாதிக்காரிக்குச் சக்கரையா டாக்டரு?" என்று கேட்டேன்.

"ஆமாய்யா. அந்த நேரத்துல அதான் மருந்து. ஊரே வேணாம்னு கையைப் புடிக்கும், நீ குடு. அப்புறம் இன்னொண்ணு, ஸ்கூல நிறுத்திடாத. படிக்கிற பொண்ணு."

அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்த ஸ்கூலுக்குள் அவளைத் திரும்ப அனுப்புவதற்குள் எனக்கு உசுரு போய் உசுரு வந்தது.

பெண்கள் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை அம்மா மகா கண்டிப்பு. அவர் வராந்தாவில் நடந்தால் சிட்டுக்குருவிகூடச் சத்தம் போடாது என்று பிள்ளைகள் சொல்லும்.

"நல்லாப் படிக்கிற பொண்ணுதான். இல்லன்னு சொல்லல," என்றார். "ஆனா கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டா நான் என்ன செய்வேன்? என்னால ஆவாதுங்க. ஒரு வருஷம் வூட்டுல வெச்சுப் பாருங்க."

"ஒரு வருஷத்துல போயிடற வியாதி இல்லம்மா. ஆயுசுக்கும்னு சொல்லிட்டாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அறையில் மூலையில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர்தான் வாயைத் திறந்தார். என் பொண்ணுக்கு வகுப்பு டீச்சரும் அவரே.

"என் கிளாஸ்தானேம்மா. நான் பாத்துக்கறேன்."

"நீ உன் பீரியட்ல பாப்ப. மத்த பீரியட்ல?"

எனக்குச் சட்டென்று சூளை ஞாபகம் வந்தது. சூளையில் ஒரு வழக்கம் உண்டு. நெருப்புப் பார்க்கிறவன் ஷிஃப்ட் முடிந்தால் அப்படியே துண்டை உதறிக்கொண்டு போய்விட முடியாது. அடுத்த ஆள் வர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டை வழியாக உள்ளே பார்க்க வேண்டும். போகிறவன் நெருப்பு எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வந்தவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் இவன் நகரலாம். இதைச் சொல்லி, "அதே மாதிரி ஒரு டீச்சர் போவும்போது அடுத்த டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போனா போதும்மா" என்றேன்.

"பிள்ளையும் சூளையும் ஒண்ணாங்க?"

"ரெண்டையும் சொல்லாம கொள்ளாம விட்டுட்டுப் போவக் கூடாதும்மா."

கணக்கு டீச்சர் சிரித்துவிட்டார். தலைமை ஆசிரியை அம்மா சிரிக்கவில்லை. "மாசியில இன்ஸ்பெக்‌ஷன் வருது. அது வரைக்கும் பாப்போம். நடுவுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நானே கையைப் புடிச்சுக் கூட்டி வந்து உங்க வூட்டுல விட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாளிலிருந்து ஆரம்பமாயிற்று. காலை இடைவேளைக்கு முந்தின பீரியட் மணி அடித்ததும் என் பொண்ணு பெஞ்சில் உட்கார்ந்தபடியே டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட வேண்டும். தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு டீச்சர் போகும்போது அடுத்தவரிடம், "சாப்ட்டாச்சு, தெளிவா இருக்கா" என்று சொல்வார். வந்த டீச்சர் திருப்பிச் சொல்வார். கொஞ்ச நாளில் டீச்சர்கள் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே கோரஸாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

முதல் வாரத்தில் ஒரு வாயாடிப் பொண்ணு எழுந்து நின்று கேட்டாளாம்: "டீச்சர், எங்களுக்கும் அந்த வியாதி வந்தா கிளாஸ்ல இட்லி துன்னலாமா?"

"தாராளமா. கூடவே தினம் தொடையில ஊசியும் உண்டு. பேரு குடுக்கிறியா?" என்றாராம் கணக்கு டீச்சர். அதற்கப்புறம் அந்த இட்லியை யாரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

அவசரத்துக்குச் சக்கரை வைக்க ஒரு ஜாடி வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். விடுவேனா? அச்சு நானே செதுக்கி, மேலே பூசுகிற பளபளப்புக் கிளேஸ் நானே கலக்கி, வெள்ளை வெளேரென்று ஒரு ஜாடி செய்தேன். எறும்பு நுழையக் கூடாது என்று மூடியையும் வாயையும் சாணைப் பொடி போட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினேன். நூல்கூட நுழையாது. சக்கரையை வாய் வரைக்கும் நிரப்பி, நானே கொண்டுபோய் வகுப்பில் மேஜை மேல் வைத்தேன். "பாத்துப் பொழங்குங்க. இந்த மாதிரி மூடி இந்த ஊர்ல வேற எவனும் செய்ய மாட்டான்" என்றும் சொன்னேன். பிள்ளைகள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் போயிற்று. ஒரு நாள்கூட அதைத் திறக்க அவசியம் வரவில்லை.

மாசி பிறந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாள். கடலூரிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார் என்று பள்ளிக்கூடமே வெள்ளையடித்து மாக்கோலம் போட்டு நின்றது. அதிகாரி பார்வைக்கு அடுக்கி வைக்க என் ஷெட்டுப் பொம்மைகளைக் கேட்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு நானே கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதிகாரி வரத் தாமதம். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பாடமும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. மணி அடிக்காததால் டீச்சர் மாறவில்லை. டீச்சர் மாறாததால் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் பொண்ணு தன் டப்பாவை வகுப்பில் விட்டுவிட்டு வரிசையில் நின்றிருந்தாள். அதிகாரி வருகிற நேரத்தில் நாம் மட்டும் போய்ச் சாப்பிடுவதா என்று வெட்கம்.

கடைசியில் ஜீப் வந்து, வணக்கம் சொல்லி, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். நான் வராந்தாவில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வகுப்புக்குள்ளிருந்து, "டீச்சர், இவ உளர்றா" என்று ஒரு குரல்.

உள்ளே ஓடினேன். என் பொண்ணு பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். சட்டை முழுக்க வேர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. கணக்கு டீச்சர் கையில் என் ஜாடி. மூடியைத் திருகுகிறார், இழுக்கிறார், வரவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் சக்கரை கசிந்து மூடி இடுக்கில் பாகாக ஊறி, பிறகு வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது. அவ்வளவு பொருத்தமாகச் செய்திருந்தேன் அல்லவா, சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டது. டீச்சர் யோசிக்கவே இல்லை. ஜன்னல் கட்டையில் ஓங்கி ஒரே அடி. ஜாடி தூள் தூளாயிற்று. சக்கரை தரையெல்லாம் சிதறியது. அவர் குனிந்து அதை அள்ளினார்.

"வேணாம் டீச்சர், குடுத்துடாதீங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். உடைந்த கிளேஸ் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகச் சிதறும். அது சக்கரையோடு தொண்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் உள்ளங்கையில் ஏற்கெனவே ரத்தம்.

"அப்போ சக்கரைக்கு எங்கங்க போறது?" என்றார். பெஞ்சிலிருந்த இட்லி டப்பாவைத் திறந்து ஒருத்தி ஊட்டப் பார்த்தாள். என் பொண்ணுக்கு மெல்லத் தெரியவில்லை. கடை தெருக்கோடியில் இருக்கிறது. அங்கே ஓடித் திரும்புவதற்குள் என்ன ஆகுமோ.

அப்போது வராந்தாவில் தடதடவென்று ஓடி வருகிற சத்தம். பார்த்தால் தலைமை ஆசிரியை அம்மா. ஓடி வருகிறார். கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது, ஒரு கால் செருப்பைக் காணோம், கையில் பெரிய வெள்ளித் தம்ளர். அதிகாரிக்கு என்று வைத்த எலுமிச்சம்பழ சர்பத். அந்த வாயாடிப் பொண்ணு நேராக அவர் அறைக்கு ஓடி விஷயத்தைச் சொல்ல, அதிகாரி வாயருகே கொண்டுபோன தம்ளரை அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"தலையைத் தூக்கிப் புடிங்க" என்றார் என்னிடம். பிள்ளைக்கு விழுங்கும் நினைவு இன்னும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பாதி அவர் புடவையில் போயிற்று. "முழுங்குடி கண்ணு. முழுங்கு. பெரிய டீச்சர் சொல்றேன், முழுங்கு."

கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கண்ணில் வெளிச்சம் வந்தது. என் பொண்ணு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்து, "ஏம்ப்பா அழுவுற? பொம்மை ஒடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

வாசலில் அதிகாரி நின்றிருந்தார். "என்னம்மா இது, நீங்க புடுங்கிட்டு ஓடின வேகத்துல சர்பத்துல பல்லி கில்லி விழுந்துடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். பிள்ளைகள் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசி வரைக்கும் பார்ப்போம் என்று சொன்ன பேச்சு காதில் மோதிக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியை அம்மாவே கூட்டி வந்து விடுவதற்கு முன்னால் நாமே மரியாதையாகப் போய்விடலாம் என்று பொண்ணின் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"நீங்க சொன்னதுதான் சரிம்மா. வூட்டுலயே வெச்சுக்கறேன். போயிட்டு வரேன்."

அவர் கொண்டையை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க? மத்தியானம் அவளுக்குக் கணக்குப் பரீட்சை இருக்குது."

"இல்லம்மா, ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆச்சு. ஆனா என்ன செய்யணும்னு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாத வரைக்கும்தான் எனக்குப் பயம். பையைக் கீழ வையுங்க."

வைத்தேன். அதிகாரி பக்கம் திரும்பி, "எங்க ஸ்கூலு பிள்ளை சார் இது. உங்களுக்கு வேற சர்பத் கலக்கச் சொல்றேன்" என்றார்.

அன்று மத்தியானம் என் பொண்ணு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பரீட்சை எழுதினாள். மறுநாள் நான் வேறு ஜாடி செய்து தருகிறேன் என்று போய் நின்றேன். "உங்க மூடி சகவாசமே வேணாம்" என்று கணக்கு டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார், உள்ளங்கையில் துணிக்கட்டோடு. தலைமை ஆசிரியை அம்மா அதற்கப்புறம் ஒரு பிடி சக்கரையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் வந்தார். மாற்றலாகிப் போகும் வரைக்கும் அப்படித்தான். பிரேயரில் நிற்கும்போது அவர் முந்தானையில் எறும்பு ஊர்வதைப் பிள்ளைகள் பார்க்கும். ஒருத்திகூடச் சிரித்ததில்லை என்று என் பொண்ணு சொல்வாள்.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பன்னிரண்டாவது வரைக்கும் முடித்து, வேலைக்குப் போய், ரிட்டயரும் ஆகிவிட்டாள். இன்றைக்கும் தினம் ஊசி போட்டுக்கொண்டு என்னைவிடத் தெம்பாக இருக்கிறாள்.

என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களில் "அதெல்லாம் பிரமாதமா செஞ்சுடலாம் மொதலாளி" என்கிற ஆளைத்தான் முன்னெல்லாம் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு ஓடி வந்த அந்த அம்மாவைப் பார்த்த பிறகு, ஒரு பொறுப்பைக் கொடுத்ததும் முதலில் பயந்து பின்வாங்குகிறவர்களைத்தான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறேன். அதன் கனம் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.