இருட்டுப் பெட்டியில் கசிந்த நீலம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாவகச்சேரியில் அரிசி ஆலைக்கு மின்சாரச் சுவிச்சுப் பலகை செய்தேன். மின்சாரமே இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் லாம்புச் சூட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தேன். எஞ்சினியர் ஒருவர் கைவிட்ட கோயில் மயில் சோடனையைத் தோகை விரிக்க வைத்ததும் நான்தான். அதனால்தான் எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை ஒருத்தி என்னைத் தேடி வந்தாள்.

அவளுக்குக் காற்றாடி பூட்டிய இரண்டு பெட்டிகள் வேண்டும். ஒன்றுக்குள் நீல வெளிச்சம், மற்றதற்குள் முழு இருட்டு. உள்ளே வைப்பது பேக்கரியில் பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்தான். ஆனால் வெளிச்சத்தை உணரும் ஒரு புரதத்தை அதற்குள் புகுத்தியிருந்தார்கள். நீலம் பட்டால் அந்தப் புரதம் ஈஸ்ட்டின் உயிர்க்கலத்துக்குள் செய்தி அனுப்பும், கலம் சிவக்கும். சுவிச்சைப் போட்டால் ஓர் உயிர் சொற்கேட்கும் என்பதை நம்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பெட்டிகளைச் செய்து கொடுத்த மூன்றாம் வாரம் கண் கலங்கி வந்தாள்.

“ஐயா, இருட்டுப் பெட்டியிலையும் சிவக்குது. புரதம் பிழை, எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு வேறை தலைப்பு எடு எண்டு என்ரை ஆராய்ச்சியைப் பாக்கிற சேர் சொல்லிப்போட்டார். ரெண்டு வருச வேலை, ஐயா.”

“என்ரை பெட்டி பிழைக்காது, பிள்ளை. உம்மடை ஈஸ்ட்டைப் பாரும்.”

“ஒருக்கா வந்து தலையை விட்டுப் பாருங்கோவன்.”

வீம்புக்குத்தான் போனேன். கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு இருட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டேன்.

“என்ன ஐயா, உள்ளை நித்திரையே?”

கண் பழகியதும் மேலே ஊசிமுனையளவில் ஒரு நீலம் தெரிந்தது. காற்றாடிக்குக் கரண்ட் வருவதைக் காட்ட, மூடிக்கு வெளியே நான் வைத்த சின்ன பல்ப். அவள் கேட்கவேயில்லை, நான் செய்யும் எதற்கும் ஒன்று வைப்பது என் வழக்கம். வயர் போட்ட துளையால் கசிந்த அந்தத் துளி வெளிச்சம், கண்ணே இல்லாத உயிர்களுக்கு நாட்கணக்காகக் கட்டளை போட்டிருக்கிறது!

பல்பைப் பிடுங்கித் துளையை அடைத்தேன். அடுத்த முறை இருட்டுப் பெட்டியில் ஈஸ்ட் வெள்ளையாகவே இருந்தது. சேரும் வந்து பார்த்தார். தலைப்பு மாறவில்லை.

இப்போது கட்டுரை எழுதுகிறார்கள். வாசித்துக் காட்டினாள்: ‘ஒளிக்கசிவு சரிசெய்யப்பட்டது.’ அவ்வளவுதான். யார் சரிசெய்தது? தானாகவா அடைபட்டது? கசியவிட்டது நான்தான், அதையும் எழுதட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்து அடைத்ததும் நானே என்று என் பெயரைப் போட்டு எழுதவேண்டும்.