புதுசு வருது

எங்கள் தடத்துப் பேருந்தில் அவருக்குப் 'போர்டண்ணன்' என்று பெயர். பேருந்தின் நெற்றியில் மாட்டும் தகரப் பலகைக்கு, அது எங்கே போகிறது என்று எழுதுகிறவர். பணிமனையில் டயர் கிடங்குக்குப் பின்னால் அவருடைய கொட்டகை. முப்பத்தோரு வருஷமாக அங்கே வெள்ளை பூசிக் காயவைத்து, பென்சிலில் கோடு போட்டு, கறுப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒருமுறை மின்சார போர்டு வந்தது. அவரை டயர்களோடு உட்காரவைத்தார்கள். முதல் மழைக்கே தண்ணீர் இறங்கி, 'பெரிய மருத்துவமனை' என்று ஓட வேண்டிய எழுத்து 'பெரிய ம' என்பதோடு நின்றுபோனது. "பெரியம்மா வந்தாச்சு, ஏறுங்க" என்று ஸ்டாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அவரைத் திரும்பக் கூப்பிட்டு பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் எழுத்து தனியாகத் தெரியும். 'மருத்துவமனை'யின் கடைசி எழுத்தை, இப்போது யாரும் எழுதாத பழைய முறையில், யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் ஒரு சுழி வைத்து எழுதுவார். மேலிடத்திலிருந்து ஒருமுறை ஆட்சேபம் வந்ததாம். "துதிக்கை இல்லாம எழுதினா வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாது சார்" என்று சொல்லிவிட்டாராம். வளைவில் துதிக்கை தெரிந்தால் அது எங்கள் பஸ்.

நான் பணிமனை வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷமாக அதே ஸ்டாப், அதே பஸ். நிழற்குடையின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். யாரிடமும் பேசியதில்லை. பேச்செல்லாம் காதில் விழும்.

போர்டண்ணனோடு அவருடைய தங்கையும் வருவார். ஐம்பது வயது. அண்ணனுக்கு இன்னமும் 'பாப்பா'. பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. தூரப்பார்வை குறைவு. கண்ணாடி இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க நீராவியில் நின்று மங்கி, கண்ணாடி போட்டால்தான் ஒன்றும் தெரியவில்லை என்று பைக்குள்ளேயே வைத்திருப்பார். அந்த ஸ்டாப்புக்கு இரண்டு தடத்து பஸ் வரும். ஒன்று மருத்துவமனைக்கு, ஒன்று சந்தைக்கு. அதனால் தினமும் காலையில் ஒரு கேள்வி, ஒரு பதில்.

"என்ன போர்டுண்ணா?"

"நம்மளுதுதான் பாப்பா. ஏறு."

தங்கை முன்வாசலில் ஏறுவார். அவர் பின்வாசலில் ஏறி, ஊழியர்களுக்கான மஞ்சள் பாஸை கண்டக்டருக்குக் காட்டுவார். பணிமனையில் அவர் இறங்கும்போது, "பார்த்துப் போ பாப்பா" என்று முன்பக்கம் பார்த்து ஒரு குரல். அவ்வளவு கூட்டத்திலும் "சரிண்ணா" என்று பதில் வரும்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்கதவு கயிற்றில் கட்டியிருக்கும். இடதுபக்க மூன்றாவது ஜன்னல் மூடாது, நான்காவது திறக்காது. ஏழு மணி வண்டி ஏழே முக்காலுக்கு வரும், வராமலும் இருக்கும். வந்தால் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். இந்தக் குறையெல்லாம் நேராகப் போர்டண்ணனிடம் வந்து சேரும். பஸ் என்னவோ அவர் வீட்டுக் கொல்லையில் கட்டியிருப்பதுபோல.

"ஏண்ணே, உங்க வண்டியில மழை பேஞ்சா உள்ளதான் ஜாஸ்தி பெய்யுது" என்பார் கூடையோடு ஏறும் பழக்காரம்மா.

"சொல்றேன்மா."

"சொல்லுங்க. அப்படியே ஒரு குடையும் டிக்கெட்டோட சேர்த்துக் குடுக்கச் சொல்லுங்க."

அவர் உண்மையிலேயே போய்ச் சொல்வார். ஒருதரம் உடைந்திருந்த பிடிக்கம்பியைச் சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தார். அதிலிருந்து அவர் சொல்லுக்குப் பஸ்ஸில் ஒரு மதிப்பு.

போன வருஷக் கடைசியில் தங்கைக்கு ஒரு வேலை வந்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்த சின்ன ஆஸ்பத்திரியில், அதே சலவை வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் நடந்தே போகலாம். முட்டிவலிக்காரருக்கு முக்கால் மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாடு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலை ஸ்டாப்பில் அண்ணனிடம் கேட்டார்.

"போயிடட்டுமாண்ணா? நீ சொல்லு."

"இரு பாப்பா, அவசரப்படாதே" என்றார் அவர். அன்று அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. "நேத்து மேனேஜரே கொட்டகைக்கு வந்தார். 'புதுசு வருது, நாப்பது போர்டு வேணும், மஞ்சள்ல சிவப்பு, நல்லா பளிச்சுன்னு எழுதுங்க'ன்னுட்டுப் போனார். நாப்பது பஸ் பாப்பா. உக்காந்துட்டே போகலாம். இருபது வருஷ சர்வீஸை விட்டுட்டு இப்பப் போய் அங்க சேருவியா?"

பழக்காரம்மா பக்கத்திலேயே இருந்தார். "நிஜமாவாண்ணே? டிக்கெட்டை ஏத்திட மாட்டாங்களே?"

"ஏத்துறதா இருந்தா எனக்குத் தெரியாதா? நான்தானே எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை தங்கை அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மூன்று வாரமும் போர்டண்ணன் மதியம் எங்கள் கடைப்பக்கம் டீ குடிக்க வரும்போதெல்லாம் விரல் இடுக்கில் சிவப்பு இருக்கும். நாற்பது துதிக்கையையும் ஒரே அளவில் கொண்டுவர அட்டையில் வெட்டி ஒரு அச்சு செய்துகொண்டதாக டீக்கடைக்காரரிடம் சொன்னார். பஸ்ஸில் தினமும் அதே பேச்சு. "இன்னும் பதினாலு பாக்கி." "இன்னும் அஞ்சுதான்." குழந்தைப்பேறுக்கு நாள் பார்ப்பதுபோல் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை வளைவில் மஞ்சள் தெரிந்தது.

"என்ன போர்டுண்ணா?"

பஸ் நெருங்கி வந்தது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. 'விரைவு - பெரிய மருத்துவமனை.' துதிக்கை அவ்வளவு அழகு. அதற்குக் கீழே அதே கண்ணாடி விரிசல், அதே முகப்பு, அதே கயிறு கட்டிய கதவு.

"நம்மளுதுதான்" என்றார் மெதுவாக. "ஏறு."

ஏறினோம். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபோதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. பத்து இருந்த இடத்தில் பதினெட்டு.

"எதுக்குப்பா பதினெட்டு?"

"போர்டைப் பாக்கலையாம்மா? விரைவு."

"எது, இதுவா விரைவு? இப்பத்தான் ஒரு சைக்கிள் நம்மளைத் தாண்டிப் போச்சு."

"எல்லா ஸ்டாப்புலயும் நிக்குது, கையைக் காட்டினாலும் நிக்குது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? பழைய டிக்கெட்டு வேணும்னா வெள்ளை போர்டுக்கு நில்லுங்க. மணிக்கு ஒண்ணு விடுவாங்க."

பழக்காரம்மா திரும்பிப் போர்டண்ணனைப் பார்த்தார். அவர் மஞ்சள் பாஸைக் கையில் பிடித்திருந்தார். பையில் போடவும் இல்லை, காட்டவும் இல்லை.

"உங்களுக்கென்னண்ணே, அட்டை இருக்கு" என்றார் பழக்காரம்மா. "எழுத்து மட்டும் ஜோரா இருக்கு."

பணிமனையில் அவர் இறங்கினார். "பார்த்துப் போ பாப்பா." முன்பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

மதியம் மேனேஜர் ஒரு சுற்றறிக்கையைப் பிரதி எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். அவர் வருவதைப் பார்த்துவிட்டுப் போர்டண்ணனும் வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சார், புது பஸ் வரும்னு சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"கொட்டகைக்கு வந்தப்போ. புதுசு வருதுன்னீங்க."

"புதுசு வருதுன்னேன். வந்துடுச்சே. புது சர்வீஸ்." மேனேஜர் கோபப்படவே இல்லை, சிரித்த முகம். "பஸ்ஸுங்கிற வார்த்தை என் வாயில வந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, நேர்மையாக யோசித்தார்.

"வரலை சார்."

"அப்புறம்? நீங்களா ஒண்ணை நினைச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொன்னா நான் பொறுப்பா?"

நான் சூடாக வெளிவந்த தாள்களை அடுக்கி நீட்டினேன். மேலே இருந்ததைப் போர்டண்ணன் நின்றபடியே படித்தார். 'சாதாரணப் பேருந்துகளின் கட்டணத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்பதைப் பயணிகளுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.' அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மேனேஜர் தாள்களை வாங்கிக்கொண்டு அவர் தோளைத் தட்டினார். "போர்டு பிரமாதம். எல்லாரும் பாராட்டுறாங்க."

அந்த வாரமே பயணிகள் கையெழுத்து வேட்டை ஆரம்பித்தார்கள். மனுவைப் பிரதி எடுக்கப் பழக்காரம்மா கடைக்கு வந்தபோது போர்டண்ணனும் அங்கே டீயோடு நின்றிருந்தார். மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடத் தயார் என்றார். முன்னால் பிடித்துக்கொண்டு போகப் பேனர் வேண்டுமென்றால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

பழக்காரம்மா சிரித்தார். "வேணாம்ணே. உங்க எழுத்து ரொம்ப அழகு. பாத்தா நம்பிடுவோம்."

பழக்காரம்மா போன பிறகும் அவர் கடையில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் பேசினாரா, இயந்திரத்திடம் பேசினாரா தெரியாது. என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.

"நாப்பது போர்டுக்குப் புதுத் தகரம் தரலை. வண்டியிலேருந்து வெள்ளை போர்டைக் கழட்டிக் குடுத்தாங்க. சுரண்டி அது மேலயே எழுதச் சொன்னாங்க. மூணு நாள் சுரண்டினேன். சுரண்டும்போது ஒரு தடவை தோணுச்சு. இதைச் சுரண்டிட்டா அந்த வண்டி எதை மாட்டிக்கிட்டு ஓடும்னு." டீ டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேக்கலை. மஞ்சள் நல்லாக் காஞ்சிருந்துச்சு. எழுத ஆரம்பிச்சுட்டேன்."

இதைத் தங்கையிடமும் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் ஸ்டாப்பில் அந்த அம்மாளின் குரல் எனக்குக் கேட்டது. சத்தமே இல்லாத குரல்.

"தோணுச்சுல்ல? வெள்ளிக்கிழமைதானே தோணுச்சு? அன்னிக்கு சாயங்காலமே வந்து சொல்லியிருந்தா, நான் சனிக்கிழமை ஓடிப் போய்க் கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேனே."

"பாப்பா..."

"நேத்து போய்க் கேட்டேன். ஆள் போட்டுட்டாங்களாம்."

அதற்குப் பிறகும் இருவரும் ஒன்றாகத்தான் ஸ்டாப்புக்கு வந்தார்கள். ஒரே தெரு, வேறு வழி இல்லை. அவர் கொஞ்ச நாள் பாஸைக் காட்டாமல் பதினெட்டுக்கு டிக்கெட் வாங்கிப் பார்த்தார். கண்டக்டர்தான் சங்கடப்பட்டார். தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளை போர்டுக்கு நின்றால் சலவைக்கூடத்தில் தாமதம். அரை நாள் சம்பளம் போகும். மஞ்சளில் ஏறினால் மாதக் கடைசியில் கை காய்ந்துவிடும். தினமும் காலையில் பஸ் வரும் அந்தச் சில நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். நிறம்கூட அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

நேற்றுக் காலை தூறல். மூன்று பேரும் நிழற்குடைக்குள் நின்றோம். அண்ணன் நடுவில், தங்கை அந்தப் பக்கம், நான் என் தூணுக்குப் பக்கத்தில். வளைவில் ஒரு பஸ் திரும்பியது. அவர் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் அந்த அம்மா அண்ணனைத் தாண்டித் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது என்ன போர்டுப்பா?"

மூன்று வருஷத்தில் அந்த ஸ்டாப்பில் என்னிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி. போர்டண்ணன் என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து துதிக்கை பளபளவென்று இருந்தது.

"மஞ்சள்ங்க" என்றேன். "விரைவு."

"அப்ப வேணாம்" என்றார் அந்த அம்மா. "இன்னைக்கு வெள்ளைக்கே நிக்கிறேன். வந்தா சொல்லுப்பா."

பஸ் வந்து நின்றது. "போர்டண்ணே, ஏறலையா?" என்று கண்டக்டர் கேட்டார். அவர் வேண்டாமென்று கையை அசைத்தார். பஸ் போனது.

நாங்கள் நின்றோம். எனக்கும் கடைக்கு நேரமாகிவிட்டது. கிளம்ப மனம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வளைவில் இன்னொரு பஸ் திரும்பியபோது நான் எட்டிப் பார்த்தேன். போர்டண்ணன் பார்க்கவில்லை. குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.