தண்ணீர் கேட்காத பேட்டரி

கோபாலபுரம் ஃபிளாட்டில் எனக்கு மிச்சமிருந்த ஒரே அதிகாரம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். ஓய்வு பெற்ற மறுவாரமே காய்கறி வாங்கும் உரிமையை மனைவி பறித்துக்கொண்டாள். முற்றின வெண்டைக்காயாக வாங்கிவந்தேனாம். டி.வி. ரிமோட் அதற்கும் முன்பே போய்விட்டது. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு என்னுடையது. பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துவைத்த பாட்டிலோடு பால்கனிக்குப் போவேன். டிஸ்டில்டு வாட்டரைக் கடையில் வாங்குகிறவன் ஏமாளி என்பது என் கட்சி. ஆறு மூடிகளையும் திறந்து, ஆறு வாய்க்கும் புகட்டிவிட்டு, மிதவைகள் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரை மணி நேர வேலை. நான் இரண்டு மணி நேரம் செய்வேன்.

போன வருடம் மகள் அந்தப் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினாள். இருந்த வேலை போய், வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். இன்டர்வியூ எல்லாம் லேப்டாப்பில்தான். அந்த லேப்டாப்பும் கிழம், பிளக்கில் இருந்தால்தான் அதற்கு உயிர். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்து பேட்டரியை மாட்டிய மெக்கானிக் என்னிடம் சொன்னார்:

"சார், இது சீல் பண்ணிகீது. தண்ணியே ஊத்தக் கூடாது. நீங்க பாட்டுக்கு ஜாலியா இருங்க."

என்னை ஜாலியாக இருக்கச் சொன்னால் எரிச்சல் வரும். தண்ணீர் குடிக்காமல் ஒரு ஜீவன் உண்டா? முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டாம் மாதம் ஸ்க்ரூடிரைவரால் மேல்பட்டையை நெம்பினேன். உள்ளே வரிசையாக ஆறு ரப்பர் மூடிகள்! பொய் சொல்லியிருக்கிறான் படுபாவி என்று எனக்கு ஒரே குஷி. ஊற்றினேன். பட்டையைப் பசை போட்டு ஒட்டினேன். அடுத்த மாதமும் அதே பூஜை, அதற்கடுத்த மாதமும்.

மகளுக்குக் கடைசிச் சுற்று இன்டர்வியூ வந்த அன்று எங்கள் தெருவுக்கு மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து இரண்டு வரை. "அதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தே காலுக்கு ஹாலில் ஃபேன் நின்றது. லேப்டாப்பும் போயிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. திரையில் எழுதிக் காட்ட வேண்டிய சோதனை அது, ஃபோனில் ஒப்பேற்ற முடியாது. இன்னொரு வாய்ப்புக் கேட்டு எழுதினாள். மத்தியானமே பதில் வந்துவிட்டது: வேறு ஆள் எடுத்தாயிற்றாம்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். பேட்டரியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? யாரோ நல்லா நோண்டிகீறாங்க."

"எலியா இருக்கும்" என்றேன். முப்பது வருடம் அதிகாரியாகக் குப்பை கொட்டியவன் வாயிலிருந்து வந்த பதில் இது.

"எலி கம் போட்டு ஒட்டிட்டா சார் போவும்?"

மனைவி என்னை முறைத்தாள். மகள் உள்ளே போனாள். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு அவள் அறைக்குப் போய் நின்றேன்.

"நான்தாம்மா ஊத்தினேன்."

"தெரியும்பா. ஒவ்வொரு மாசமும் பார்த்துட்டுதான் இருந்தேன்."

"பார்த்துட்டு ஏன் சும்மா இருந்தே?"

"ரிடையர் ஆனப்புறம் நீ வாய்க்குள்ள பாட்டு முணுமுணுக்கறது அந்த ரெண்டு மணி நேரம்தான். போனா ஒரு பேட்டரிதானேன்னு விட்டுட்டேன். இவ்ளோ சீக்கிரம் போகும்னு நினைக்கலை."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்; எனக்கு அது நன்றாக வரும். இதற்குக் கத்த முடியாது. வெட்கமாக இருந்தது. அவள் நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கியிருந்தாள்.