கொடு... விடு...

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேய் பிசாசு என்று பேசித் திரிகிற ஆள் நான் கிடையாது. முப்பத்தோரு வருஷமாகக் கார்புரேட்டர் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக். என் தொழிலில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் அகப்பட்டுவிடும். இந்த ஒன்று மட்டும் இன்று வரை அகப்படவில்லை.

வண்டி என் மச்சினனுடையது. மனைவியின் தம்பி. பழைய கார் என்றால் அவனுக்குக் கண்மண் தெரியாது. ஒரு புரோக்கர் மூலம் இதை வாங்கி, என் ஷெட்டில் தள்ளிவிட்டு, "மாமா, நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளை நிறம், நான்கு கதவு. பல வருஷம் ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற வண்டி. ஒரு வாரம் மல்லுக்கட்டி இன்ஜினைக் கிளப்பிவிட்டேன். ஆனால் நிதானமாக நிற்க மாட்டேன் என்றது. ஏறியது, இறங்கியது, இருமியது, அணைந்தது.

பானட்டைத் திறந்தால் பாம்புப் புற்றைத் திறந்த மாதிரி இருந்தது. இருபத்து மூன்று ரப்பர் ஹோஸ். எண்ணிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் புகையைக் குறைப்பதற்காக வால்வுக்கு மேல் வால்வு வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஹோஸ் இழுத்திருப்பார்கள். எல்லாம் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில் இயங்குபவை. ரப்பர் காய்ந்து எங்காவது ஒரு விரிசல் விட்டால் போதும். அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய் இன்ஜினைக் கெடுக்கும்.

என் திட்டம் எளிது. பிரேக்குக்குப் போகிற ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற ஹோஸ், பெட்ரோல் ஆவியைப் பிடிப்பது, இன்ஜின் உள்புகையைத் திருப்பிவிடுவது... இவை இருக்கட்டும். செத்துப்போன வால்வுகளுக்குப் போகிற மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு, வாயை ரப்பர் மூடியால் அடைத்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் அடைத்த பிறகு ரேஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பானட்டுக்கு அடியில். ஒருவர் சீட்டில்.

சீட்டில் என் மனைவி. கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு இது பழக்கம். நான் "கொடு" என்றால் ஆக்சிலரேட்டரை மிதிப்பாள். "விடு" என்றால் காலை எடுப்பாள். ஒருமுறை சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். அப்போதுகூட இந்த இரண்டு வார்த்தை மட்டும் எங்களுக்குள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2:50க்கு ஆரம்பித்தோம்.

3:15க்கு மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்தது. ஷட்டரை முழங்கால் உயரம் வரை இறக்கினேன். தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினால்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பானட் தூக்கியிருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவளுக்குத் தெரியாது.

"கொடு."

உறுமியது.

"விடு."

இறங்கியது.

ஏழு ஹோஸ் போயிற்று. இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சுக் கேட்க ஆரம்பித்தது.

காற்று எங்கே திருடுகிறது என்று கண்டுபிடிக்க நான் ஒரு துண்டு ஹோஸைக் காதில் வைத்துக்கொள்வேன். டாக்டர் வைக்கிற குழாய் மாதிரி. மறுமுனையைக் கார்புரேட்டரைச் சுற்றி நகர்த்தினால், ஓட்டை இருக்கிற இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும்.

3:38. கேட்டது.

ஆனால் ஒரே சீராக இல்லை. ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்... நின்றது. அசந்து தூங்குகிறவரின் மூச்சு போல. இன்ஜின் நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. அதில் எதுவும் அவ்வளவு மெதுவாக மூச்சுவிட முடியாது.

ஏதோ வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு க்ளிப் இறுகிக் கிடந்தது. இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். நின்றது. க்ளிப்பை நெம்பி, ஹோஸைப் பிடுங்கி, அதன் வாயில் கட்டைவிரலை வைத்தேன். பழக்க தோஷம், வேறொன்றுமில்லை.

விரலை உள்ளே இழுத்தது.

நின்ற இன்ஜின் இழுக்காது. இழுக்கவே முடியாது. ஆனால் இழுத்தது. மெதுவாக... விட்டு... மறுபடி மெதுவாக. வெடுக்கென்று விரலை எடுத்தேன். வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

தலை லேசாகக் கிறுகிறுத்தது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அந்த வாயையும் அடைத்தேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஸ்டார்ட் ஆனது.

3:49. "கொடு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வெளியே வருவதற்குள் இன்ஜின் ஏறிவிட்டது.

சரி, பழகியவள்தானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை வாயைத் திறக்கவில்லை. மனதில் நினைத்தேன், அவ்வளவுதான்.

ஏறியது.

என்ன அவசரம் உனக்கு என்று கத்திக் கேட்டேன். பதில் இல்லை. என் மனைவி எதற்கும் பதில் சொல்லாமல் விடுகிற பிறவி இல்லை.

3:55. வீட்டுக்குள் போகிற பக்கக் கதவு திறந்தது.

என் மனைவி நின்றாள். நெற்றியில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"இன்னும் முடியலையா? தனியாவா பண்றீங்க?"

கையில் ஸ்பேனர். முன்னால் ஓடுகிற இன்ஜின்.

"நீ எப்ப உள்ள போன?"

"மூணரைக்கே போயிட்டேனே."

மூன்றரை... அதற்குப் பிறகு எத்தனை முறை கொடு என்றேன்? எத்தனை முறை விடு என்றேன்? நிறுத்தச் சொன்னபோது சாவியைத் திருப்பியது யார்?

இன்ஜின் ஏறியது.

யாரும் சொல்லவில்லை. ஏறியது.

கேபிள் சிக்கியிருக்கும். என் மூளை அப்படித்தான் சொன்னது. முப்பத்தோரு வருஷ மூளை வேறென்ன சொல்லும்? ஆக்சிலரேட்டர் கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றினேன். இன்ஜின் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. கேபிளின் நுனி என் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

கேபிள் இழுத்தது.

விரலிலிருந்து நழுவப் பார்த்தது. தளர்ந்தது. மறுபடி இழுத்தது.

கைக்கு எட்டிய இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கினேன். இன்ஜின் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

அப்புறம்...

டக்.

பெடல் தரையில் இடிக்கிற சத்தம்.

டக்.

மனைவியைப் பார்த்தேன். அவள் நின்ற இடத்திலிருந்து டிரைவர் சீட் நேராகத் தெரியும். அவள் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

கேபிள் என் கையில் விறைப்பாக நின்றது. மிதித்த கால் எடுக்கப்படவில்லை. காத்திருந்தது.

எதற்கென்று எனக்குப் புரிந்தது.

"விடு," என்றேன்.

கேபிள் தளர்ந்தது.

ஷட்டரை எப்படித் தூக்கினேன், மழையில் எப்படி வந்து விழுந்தேன், எதுவும் நினைவில்லை. தெருவோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஷெட்டுக்குள் அவ்வளவு புகை சேர்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓட்டியது என் தப்பு. தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத தப்பு. புகை தலைக்கேறி ஏதோ கண்டிருப்பாய் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வீட்டுக்குள் நல்ல காற்றில் இருந்துவிட்டு வந்தவள் என் மனைவி. சீட்டில் யாரும் இல்லை, பெடல் மட்டும் தானாக இறங்கி ஏறியது என்று அவள் சொன்னாள்.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் சொன்னாள். மூன்றரைக்குத் தலைவலி மண்டையைப் பிளந்ததாம். கண் சொருகியதாம். நான் திட்டுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டதாம்.

"'நீ எறங்கிப் போம்மா, நான் மிதிக்கிறேன்'னு சொன்னுச்சுங்க. அந்த நேரத்துல பயமே வரல. எறங்கிட்டேன். உள்ள போயிப் படுத்ததும் கனவு மாதிரி மறந்தே போச்சு."

புதன்கிழமை மச்சினன் புரோக்கரைப் பிடித்து, வண்டியின் பழைய சொந்தக்காரரின் நம்பரை வாங்கிவந்தான். காலை 11:20க்குப் பேசினேன். வயதான குரல். நான் இன்னார், அந்த வண்டியை வேலை பார்க்கிறேன், ஹோஸ்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை.



"சீட்ல யாரையாவது உக்கார வச்சீங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாளில் அவரும் இதே ஹோஸ்களில் ஓட்டை தேட உட்கார்ந்திருக்கிறார். குளிருக்காக ஷெட் கதவை மூடிவிட்டார். சீட்டில் அவர் மனைவி. இவர் நின்ற பக்கம் ஷெட் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்ததால் இவருக்குக் காற்று கிடைத்திருக்கிறது. நாலு மணிக்கு ஆரம்பித்து, ஆறு மணிக்கு முடித்துவிட்டு, போகலாம் வா என்று கார் கதவைத் திறந்து கையைப் பிடித்திருக்கிறார்.

கை ஜில்லென்று விறைத்திருந்ததாம்.

"நாலரைக்கே உசுரு போயிடுச்சுன்னு டாக்டர் எழுதினாரு, தம்பி. அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நான் கொடு, விடுன்னு சொல்லிட்டே இருந்திருக்கேன்."

போனை வைப்பதற்கு முன் சொன்னார்.

"ஒரு தடவகூட அவ தப்பா மிதிக்கல."