செஃபின் பிறந்த ஊரில் ஒரு கிழமை

பின்னேரச் சாப்பாட்டுக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். செஃபின் வந்து பக்கத்தில் நின்று, தண்ணீரின் வெள்ளை குறைந்து தெளியும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, அடுத்த மாதம் கடையை ஒரு கிழமை பூட்டிவிட்டு ஒசாக்காவுக்குப் போகப்போவதாகச் சொல்லி, நீயும் வாறியோ என்று கேட்டா. உப்பை எடுத்துத் தாறியோ என்று கேட்கிற அதே குரல்தான். என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

செஃபின் என்றால் இங்கே முதலாளியம்மா. சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில், அவவும் சுவிஸ்காரரான அவவின் கணவரும் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். கணவர் மேசைகளைப் பார்த்தார், அவ அடுப்பைப் பார்த்தா. நான் பாத்திரம் கழுவப் போய்ச் சேர்ந்து, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் அரிசிக்குப் பொறுப்பான ஆளாகிவிட்டேன். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கதைத்தது டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், அதுவும் குசினிக்குள் பொறுக்கிய டொச். இலக்கணம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உடைந்ததால் எங்களுக்குள் ஒரு நாளும் விளக்கக் குறைவு வந்ததில்லை. அவ சொன்னவற்றை இங்கே என்னுடைய பேச்சில்தான் எழுதுகிறேன், வேறு விதமாக எழுத எனக்கு வராது.

அவவின் குசினியில் ஒருவரும் ஓடக் கூடாது. எவ்வளவு சனம் வந்தாலும் நடைதான். கோப்பை விழுந்து உடைந்தால் முதலில் எங்கள் கையைப் பார்ப்பா, பிறகுதான் நிலத்தைப் பார்ப்பா. கடை திறக்கமுன்னம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும், முதல் சோற்றைப் பாத்திரம் கழுவுகிற ஆளுக்குத் தன் கையால் போடுவா. நான் முன்னம் வேலை செய்த இடங்களில் சாப்பாடு என்பது குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விழுங்குவது. அதனால் முதல் நாள் அந்தச் சோற்றை இருந்து சாப்பிடவே எனக்குப் பயமாக இருந்தது, இதற்குப் பிறகு என்னத்தைக் கேட்கப்போகிறாவோ என்று. ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று மட்டும் கேட்டா.

கணவர் செத்தபிறகு கடை முன்னைப்போலத்தான் நடந்தது. ஆனால் ஒசாக்காவில் இருந்து அண்ணனின் தொலைபேசி அடிக்கடி வரத் தொடங்கியது. அவரும் மனைவி இல்லாத மனிதர், பிறந்த வீட்டில் தனியே இருந்தார். தங்கச்சி வந்துவிடட்டும் என்று கேட்கிறார் என்று அவவே ஒருமுறை சொன்னா. போவாவோ மாட்டாவோ என்று சொல்லவில்லை. அதோடு எனக்கு நித்திரை கெட்டது. ஊரில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்ற ஆள் நான். அவ கடையை மூடினால், இந்த வயதில், இந்த டொச்சோடு, என்னை ஆர் எடுப்பார்கள். என்னையும் ஒசாக்காவுக்குக் கூப்பிட்டபோது, வேலையை விட்டு அனுப்புகிற ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை இது என்றுதான் நினைத்தேன். வீட்டில் அழுதேன். இவர், என்னுடைய மனுசன், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "ஓசியில ஜப்பான் பாக்கிறதுக்கும் அழுகிற ஒரே ஆள் நீதான்" என்றார்.

போனேன். கடவுச்சீட்டைத் துணிப்பையில் போட்டுச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, விமானம் முழுக்க அதைத் தடவித் தடவிப் போனேன்.

ஒசாக்கா பெரிய நகரம். ஆனால் செஃபின் எனக்குக் காட்டியது உயரக் கட்டடங்களை அல்ல. அவ பிறந்த பகுதியில் ஒற்றைப் பெட்டி ட்ராம் ஒன்று வீடுகளின் பின்புறத்தோடு உரசிக்கொண்டு ஓடும், வெளியே காயப்போட்ட உடுப்பு கைக்கு எட்டும்போல இருக்கும். அதில் ஏறி ஏறி இறங்கினோம். கூரை போட்ட நீளக் கடைத்தெருக்கள், ஊறுகாய்க் கடை, கத்திக் கடை, ஒரு கிழவர் தனியே இருந்து தேயிலை வறுக்கிற கடை. வறுக்கிற வாசத்தில் நான் நின்றுவிட்டேன். எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் மூலையில் ஒரு சின்னக் கல்லுச் சாமி, கழுத்தில் சிவப்புத் துணி, முன்னால் ஒரு தோடம்பழம். ஒருத்தரும் காவல் இல்லை, பழத்தையும் ஒருத்தரும் எடுக்கவில்லை. பெரிய கோயில்களில் மூங்கில் அகப்பையால் தண்ணீர் மொண்டு கையையும் வாயையும் கழுவி, சாமிக்கு முன்னால் குனிந்து, இரண்டு தரம் கை தட்டுவார்கள். சாமி நித்திரையோ என்று கேட்டேன். "எங்கட சாமிக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றா. முகத்தில் சிரிப்பே இல்லை.

சாப்பாட்டுக் கடைகள் நெருங்கின ஒரு பகுதியில், இரண்டு சுவருக்கு நடுவில், பாசி மூடிய சாமி ஒன்று நிற்கிறது. வருகிறவர்கள் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறார்கள். ஊற்றி ஊற்றி முகம் தெரியாமல் பச்சைப் பசேலென்று பாசி. இது எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அபிஷேகம். தலையில் இருந்து வழிய வழிய ஊற்றிவிட்டு, கண்ணை மூடி, செஃபின் சூரிச்சை விட்டுப் போகக் கூடாது என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் அவவும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறா. என்ன கேட்கிறா என்று தெரியவில்லை. ஒரே சாமியிடம் இரண்டு பேரும் எதிரெதிராகக் கேட்கிறோமோ என்று அதற்கும் ஒரு கவலை வந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவ ஊரைப் பார்த்தது சுற்றுலாவுக்கு வந்த ஆள் பார்க்கிற மாதிரி இல்லை. ட்ராம் படியின் உயரத்தைப் பார்த்தா. வைத்தியரின் பலகையை நின்று வாசித்தா. தோஃபுக் கடைச் சந்தில் இருந்த அண்ணன் வீட்டு மாடிப்படியில் கைபிடியை அசைத்துப் பார்த்தா. வீடு வாங்க வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்க்கிறதுபோல ஊரையே தட்டிப் பார்த்தா. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சூப் காய்ச்சி, தங்கச்சியின் கோப்பையைத் தங்கச்சியின் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பேப்பர் பார்த்தார். கடைகளில் ஆராவது விசாரித்தால் அவவின் பதிலில் 'சுயிசு' என்ற ஒரு சொல் வரும். சுவிஸைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அது ஒன்றுதான் எனக்கு விளங்கின சொல். அது காதில் விழும்போதெல்லாம், சரி, இன்னும் எங்கட ஆள்தான் என்று மூச்சு விடுவேன்.

கடைசிக்கு முதல் நாள் காலை, ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கோயிலுக்குப் போனோம். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவ கும்பிட்ட கோயில். சிவப்பு மரத்தூண் இரண்டும் மேலே குறுக்குச் சட்டமும்தான் வாசல். உள்ளே இரண்டு பக்கமும் கல்லு நரிகள். ஒரு சனம் இல்லை. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். பெரிய கோயில்களில் எல்லோரும் சப்பாத்தோடு போனதால் நானும் கால் கூசக் கூசப் போயிருந்தேன். அங்கேயெல்லாம் கட்டடத்துக்குள் ஏறும்போதுதான் கழற்றுவார்கள், முற்றத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் என் கால் என் சொல்லைக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டினால் அது கோயில், அவ்வளவுதான்.

செஃபின் திரும்பிப் பார்த்தா. வேண்டாம் என்று சொல்லப்போகிறா என்று நினைத்தேன். அவ குனிந்து தன் சப்பாத்தையும் கழற்றினா. பிறகு, நான் கழற்றிப் போட்டபடி கோணலாகக் கிடந்த என் சப்பாத்தையும் எடுத்து, வீட்டு வாசலில் செய்கிறதுபோல நான்கையும் நுனி வெளியே பார்க்க வரிசையாக வைத்தா. சரளைக்கல் சொக்ஸுக்குள்ளால் குத்தியது. அவ ஒவ்வொரு அடிக்கும் ஆவ் ஆவ் என்றுகொண்டு நடந்தா. "உங்கட ஊரில சாமி கும்பிட நல்ல தைரியம் வேணும்" என்றா. இருபது வருசத்துக்குக் கிட்ட அவவோடு நின்றிருக்கிறேன், அவ்வளவு சின்னப்பிள்ளையாக அவ சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தால் சப்பாத்து இல்லை.

ஜப்பானிலும் கோயிலில் செருப்புக் களவு போகிறது என்று எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது. செஃபினின் முகம்தான் மாறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வெறும் சொக்ஸோடு, தெரு முனையில் இருந்த பொலிஸ் அறைக்கு நடந்தா. பஸ் தரிப்பிடக் கொட்டில் அளவு அறை. மேசையில் எங்கள் நான்கு சப்பாத்துகளும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் விளக்குமாறோடு ஒரு அம்மா அழுகிற முகத்தோடு நின்றா. வாசல் கூட்ட வந்தவவாம். இளம் பொலிஸ்காரன் ஒருவன் ஆற்றங்கரையில் எங்களைத் தேடிவிட்டு மூச்சு வாங்க அப்போதுதான் வந்திருந்தான். அந்த ஊரில் தண்ணீருக்குப் பக்கத்தில் சப்பாத்தை அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருகிறதில்லையாம். கோணலாகக் கிடந்திருந்தால் ஒருத்தரும் கவனித்திருக்கமாட்டார்களாம். கழற்றினது என் பழக்கம், அடுக்கினது அவவின் பழக்கம், இரண்டும் சேர்ந்து ஒரு அம்மாவை அழவைத்துவிட்டது.

செஃபின் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டா. அந்த அம்மா அவவின் முதுகைத் தடவினா. ஆனால் பொலிஸ்காரன் லேசில் விடவில்லை. வயது போன இரண்டு பொம்பிளையள், ஒன்று கறுப்புக் கோட்டு, மற்றது விளங்காத மொழி. நல்ல பெடியன், அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். செஃபின் என் பக்கம் திரும்பி, "வீடு எங்க, அங்க ஆக்கள் இருக்கினமோ எண்டு கேக்கிறார். முதல்ல நீ சொல்லு" என்றா. நான் யோசிக்கவில்லை. சூரிச்சில ஓர்லிகோன், இவரும் மகனும் இருக்கினம் என்று சொன்னேன். நான் பிறந்த ஊரின் பெயர் என் வாயில் வரவில்லை என்பதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவ அதை மொழிபெயர்த்தா. பிறகு அவன் அவவைக் கேட்டான்.

நான் அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவ மூன்று நான்கு வார்த்தை சொன்னா, கையால் ட்ராம் பாதைக்கு அப்பால் காட்டினா. 'சுயிசு' வரவில்லை. பொலிஸ்காரன் தலையாட்டினான், முகம் தெளிந்தது. செஃபின் மட்டும், சொன்னது தானா என்று பார்க்கிறதுபோலக் காட்டின கையையே பார்த்துக்கொண்டு நின்றா.

ட்ராமில் வரும்போது நான்தான் கேட்டேன், என்ன சொன்னனீங்கள் என்று.

"தோஃபுக் கடைச் சந்து எண்டு சொன்னன். அண்ணை சாப்பாட்டோட பாத்துக்கொண்டு இருப்பார் எண்டு சொன்னன்." வெளியே காய்ந்த உடுப்புகளைப் பார்த்தா. "அவன் கேக்குமட்டும் எனக்கே தெரியாது."

அப்ப நான், என்று தொடங்கி முடிக்க முடியவில்லை. அவ என் முழங்காலில் கையை வைத்தா. "நீ பயந்து பயந்து எல்லாத்தையும் செய்து முடிக்கிற ஆள். உன்னைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்படேல்லை. தனிய வரப் பயந்துதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்." அவ பயப்படுவா என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடையை மூடின விதமும் அவவின் விதம்தான், ஓட்டம் இல்லை. எங்கள் ஒவ்வொருவருக்கும் வேலை கிடைத்தபிறகுதான் பெயர்ப்பலகையைக் கழற்றினா. ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லக் குசினிக்கு என்னோடு தானே வந்து, பொறுப்பான ஆளுக்கு முன்னால் உடைந்த டொச்சில் என்னைப் பற்றி நிறையச் சொன்னா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அங்கேதான் இன்றைக்கும் நிற்கிறேன். இங்கே சனம் ஓடும், நான் நடக்கிறேன். புதிதாகக் கழுவ வந்த எரித்திரியாப் பிள்ளைக்கு முதல் சோற்றை நான்தான் போடுகிறேன். அவளும் பயந்த கண்ணோடுதான் வாங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செஃபின் தொலைபேசி எடுக்கிறா. டொச் கதைக்க அங்கே ஆள் இல்லையாம், நாக்குத் துருப்பிடிக்குதாம். இங்கே ட்ராமில் ஆராவது, நீங்கள் எந்த நாடு என்று கேட்டால் நான் ஓர்லிகோன் என்பேன், அவர்கள் விடாமல், இல்லை, உண்மையில் எந்த நாடு என்பார்கள். இதைச் சொன்னால் அவ விழுந்து விழுந்து சிரிப்பா. போன ஞாயிறு அவவுக்கும் அது நடந்ததாம். மீன்காரன், அவ கதைக்கிற விதத்தைக் கேட்டுவிட்டு, அம்மா எந்த ஊர், இந்தப் பக்கத்து ஆள் மாதிரி இல்லையே என்றானாம்.

என்ன சொன்னனீங்கள் என்று கேட்டேன்.

"பின்சந்தில பிறந்தனான் எண்டு சொன்னன். அவன் நம்பேல்லை." சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "மீன் நல்லதாத்தான் தந்தவன். அண்ணைக்குப் பொரிச்சுக் குடுத்தன்."