அக்காவின் இடது இறக்கை

எங்கள் அக்கா ஆர்.கே.பேட்டைப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் இளையவன். அவர் குடும்பத்தைத் தாங்கினார், நான் குடும்பத்தைச் சோதித்தேன் என்று எங்கள் கதையை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் நினைவு மலர் அச்சடிக்கும் அச்சகத்துக்காரர் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது என்கிறார்.

அப்பா படுக்கையில் விழுந்த வருடம் அக்கா பள்ளியை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் கண்ணாடி இழைத் தொட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அச்சின்மேல் இழைத் துணியை விரித்து, பிசின் தடவி, குமிழி நிற்காமல் உருளையால் தேய்க்கும் வேலை. தூள் பட்டு எந்நேரமும் அரிக்கும் அந்தக் கையால்தான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். நான் இரண்டு முறை தோற்றேன். இரண்டு முறையும் "கொஸ்டின் பேப்பரு கஷ்டம்டா" என்று காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

கணவரான மாமா காலமான பிறகு அக்கா மணவாள நகரில் எங்களோடு இருந்தார். ஐம்பது வயதில் எனக்கு ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் செய்யும் கிறுக்கு பிடித்தது. முதல் மூன்றும் இறங்கவில்லை, விழுந்தன. இறக்கைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் முள்ளில் கிழிந்து தொங்கியதை அக்கா பார்த்தார்.

"இன்னாடா இது, தோலுரிச்ச கோழியாட்டம்? கண்ணாடித் துணி போடுடா."

கம்பெனித் துணி சாக்கு மாதிரி கனம். விமானத்துக்கென்றே விற்கும் துணியோ, மூச்சு விட்டால் பறக்கிறது. அடுத்த விமானத்தில் இடது இறக்கை அவருக்கு, வலது எனக்கு. வழவழப்பாக்கிய மரத்தின்மேல் துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வார்னிஷைத் தடவி, மிகுந்ததைத் தாளால் ஒற்றி எடுத்தார். இரண்டே கோட்டு பூச்சு. முட்டை ஓடு போல வந்தது. என்னுடையது பிழிந்து போட்ட வேட்டி போல வந்தது. பொறாமையில், அவர் கண்ணயர்ந்த மதியங்களில் திருட்டுத்தனமாக மேலும் நான்கு கோட்டு அடித்தேன். இறக்கையில் முகமே தெரிந்தது. அது என் முகம் என்பதுதான் குறை.

அந்த நேரத்தில்தான் அக்காவின் இதய வால்வு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

"உள்ள போறதுக்கு முன்ன இது பறக்கறத பாத்துடறேன்டா. அப்பால யாரு கண்டது" என்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. ஞாயிறு காலை அக்கா விமானத்தின் மூக்கிலும் வாலிலும் விரல் கொடுத்துத் தூக்கினார். வலப்பக்கம் பொத்தென்று சாய்ந்தது.

"எத்தினி கோட்டு அடிச்ச?"

"ரெண்டுதான்க்கா."

"டேய்."

"ஆறு."

"விமானத்துக்கு அடிச்சியா, கல்யாண மண்டபத்துக்கு அடிச்சியா?"

"உன் ரெக்கை நுனில ஒரு தூண்டில் ஈயத்த ஒட்டிட்டா சரியாப் பூடும்க்கா."

"தப்பு பண்ணது நீ. என் ரெக்கைல இன்னாத்துக்கு வெயிட்டு?"

நியாயம்தான். உப்புத்தாளை எடுத்து என் இறக்கையைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஆனால் நான்கு கோட்டு ஒரு காலையில் போகுமா? அவசரத்தில் துணியே கிழிந்துவிடும்.

"குடுடா அத்த" என்று அக்கா ஈயத்தை வாங்கித் தன் இறக்கையில் தானே ஒட்டினார். "உனக்காக நான் வெயிட்டு தூக்கறது இன்னிக்கு நேத்தா?"

அறுவடை முடிந்த வயலோரம் ஆட்டோவில் உட்கார்ந்தபடி பார்த்தார். மூன்று சுற்று. கொஞ்சமும் சாயவில்லை.

"இறக்குடா, போதும். இன்னொரு ரவுண்டு வுட்டா நீ கெடுத்துடுவ."

அறுவை சிகிச்சைக்குப் பின் கண் விழித்துப் பேசினார். ஐந்தாம் நாள் காலை எங்களை விட்டுப் போனார்.

அன்று வயல்வரை ஆட்டோவை ஆடாமல் ஓட்டிய ஓட்டுநர் தம்பிக்கும், இரவு பகல் பார்க்காத செவிலியர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், அக்காவோடு வேலை செய்து, அவரைக் கடைசிவரை தூக்கி வந்த தோழிகளுக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

துக்கம் விசாரிக்க வந்த சிலர் என் கையிலும் நெற்றியிலும் இருந்த வெள்ளையைத் திருநீறு என்று நினைத்து, நான் பக்திமானாகிவிட்டதாக மகிழ்ந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது வார்னிஷ் தூள். என் இறக்கையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று கோட்டு போயிருக்கும், இன்னும் ஒன்று இருக்கிறது. அதுவும் போனதும் அக்காவின் இறக்கையிலிருந்து ஈயத்தை எடுத்துவிடுவேன்.