தூங்கிடுச்சு, கையை எடு

இதை நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. நடந்தது என் வீட்டில், என் கண்ணெதிரே. அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை என்பது உண்மைதான். தூக்கம் கெட்டால் காதில் என்னென்னவோ கேட்கும் என்று பலரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். கேட்டது எனக்கு மட்டும் என்றால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறாள். அவள் நன்றாகத் தூங்கி எழுந்து பகல் வெளிச்சத்தில் வேலை பார்ப்பவள்.

பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பு, முதல் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். சிரித்த முகமுள்ள ஒரு நர்ஸ், டவலைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஆளுக்கொரு பொம்மை கொடுத்தார். குழந்தை முழுக்கத் தூங்கும்வரை கையில் வைத்திருக்காதீர்கள், கண் சொருகும்போதே படுக்க வையுங்கள் என்றார். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். இரவில் விளக்கும் பேச்சும் கூடாது. சிணுங்கினால் உடனே தூக்காமல் பக்கத்திலிருந்து மெல்லத் தட்ட வேண்டும். பிறகு தட்டுவதை மெதுவாக்கி, நிறுத்திவிட வேண்டும்.

"தட்டுறது எல்லாருக்கும் வரும். நிறுத்துறதுதான் பாடம். நீங்க நிறுத்தலைன்னா அது தானா தூங்கக் கத்துக்காது."

என் மனைவிக்கு அந்தப் பாடம் மட்டும் ஏறவில்லை. எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். இவள் மட்டும் டவலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, ஒரு தட்டு. தப்-தப்... தப்.

"ஏம்மா, குழந்தை தூங்கிடுச்சு. கையை எடு," என்றார் நர்ஸ்.

"எடுத்தா முழிச்சுக்குமோன்னு பயமா இருக்கு சிஸ்டர்."

"டவல் முழிச்சா நான் பார்த்துக்குறேன், நீ எடு தாயே!"

அறையே சிரித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தொடையில் தட்டிப் பழகிக்கொண்டே வந்தாள். நான் நிஜமாகவே தூங்கிப்போனேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம்.

மகள் பிறந்த ஐந்தாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. தீவிர சிகிச்சை அறைக்கு மாற்றினார்கள். அங்கே குழந்தைக்கு அனுமதி இல்லை. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஏழாம் நாள் விடியும்போது போன் வந்தது. நான் புட்டியில் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் நான் இல்லை.

சுண்டு என்றுதான் மகளைக் கூப்பிட்டோம். பிறந்ததும் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதனால் வந்த பெயர்.

சுண்டு என் தோளில் மட்டும்தான் தூங்குவாள். கீழே படுக்க வைத்தால் ஊரைக் கூட்டுவாள். இரவெல்லாம் நடந்துகொண்டே இருப்பேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருட்டாகும். தெருவில் எங்கள் வீட்டு விளக்கு ஒன்றுதான் கடைசியில் மிஞ்சும். குழந்தை அழாத நேரத்தில் அந்த வீட்டில் குரல் என்று ஒன்றே கிடையாது.

நான் லேத் ஓட்டுபவன். விடுப்பு முடிந்து, குழந்தையை அன்று ஒரு நாளைக்கு மட்டும் கீழ்வீட்டில் விட்டுவிட்டுப் போன முதல் நாளே, சுழலும் இரும்பை நோக்கிச் சட்டைக் கையோடு சாய்ந்துவிட்டேன். ஃபோர்மேன்தான் காலரைப் பிடித்து இழுத்தார்.

"தூக்கத்தை வீட்டுல முடிச்சுட்டு வாய்யா. இங்க தூங்கினா எழுந்திருக்க மாட்ட," என்று சொல்லி இன்னும் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

என் மனைவியின் அக்கா, ஒரு நாள் ரயில் பயணத் தொலைவில் இருப்பவர். அன்று மாலை போன் செய்தார்.

"தம்பி, தப்பா நினைக்காத. ஒத்தை ஆளா பச்சைக் குழந்தையை எப்படி வளர்ப்ப? எங்கிட்ட குடுத்துடு. நீ லீவு கிடைக்கும்போது வந்து பாரு."

"இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்கக்கா."

"டைம் குடுக்க நான் என்ன கடிகாரக் கடையா வெச்சிருக்கேன்?" என்று சலித்துக்கொண்டார். "சரி. மாசக் கடைசி. அதுக்கு மேல முடியாது."

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதை நடத்தியவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "ஆறு குழந்தைக்கு நான் ஒருத்தி. படுக்க வெச்சா தூங்கணும். மடியில தூங்குறதை எடுக்க மாட்டேன். பழக்கிட்டு வாங்கண்ணே."

அவள் எடுத்துக்கொண்டால் மகள் என்னோடு இருப்பாள். இல்லாவிட்டால் ரயிலேறிப் போய்விடுவாள். அவ்வளவுதான் கணக்கு.

அன்றிரவே தொடங்கினேன். குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஏப்பம் வந்ததும் கண் சொருகும் நேரம் பார்த்து மரத்தொட்டிலில் படுக்க வைத்தேன். தொட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. விளக்கை அணைத்து வெளியே வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். சிணுங்கினாள். ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு உள்ளே போய்த் தட்டலாம் என்று நின்றேன். சிணுங்கல் அழுகையாக மாறியது. கதவில் கை வைத்தேன்.

சட்டென்று நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தால் தூங்குகிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் படுத்தேன். பால் நேரத்துக்கு எழுந்த இரண்டு முறையும் அப்படியேதான். படுக்க வைப்பேன், வெளியே வருவேன், அழுகை நிற்கும்.

மூன்றாம் இரவு ஒன்றைக் கவனித்தேன். மல்லாக்கப் படுக்க வைத்தபோது முகம் என் பக்கம் இருந்தது. எப்போது போய்ப் பார்த்தாலும் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. சுவருக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது.

அடுத்த இரவு கதவுக்கு வெளியே நின்றபோது ஒரு சத்தம். மிக மெல்லியது. துணியில் எதுவோ படுவதுபோல...

அடுத்த வீட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சுவருக்கு அப்பால் வீடே இல்லை. மூன்று மாடி உயரத்துக்கு வெறும் வெளி.

மறுநாள் சுண்டுவைக் காப்பகத்தில் ஒரு பகல் விட்டுப் பார்த்தேன். மாலையில் போனபோது காப்பகக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, தானா தூங்கும்னு பொய் சொல்லிட்டீங்க? யாரோ தட்டியே பழக்கியிருக்காங்க. சும்மா தட்டினாலும் ஆகலை. எல்லா மாதிரியும் தட்டிப் பார்த்து, கடைசியில கண்டுபிடிச்சேன்."

தன் உள்ளங்கையால் மேசையில் தட்டிக் காட்டினாள்.

தப்-தப்... தப்.

"இப்படித் தட்டினா உடனே கண்ணை மூடுது. நிறுத்தினா முழிச்சுக்குது. யாருண்ணே பழக்கினது? உங்க வீட்டம்மாவா?"

என் மனைவி இறந்துபோன விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. காப்பகப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கொண்டு வாங்க. அதுக்குள்ள தட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க அவங்களை."

வெள்ளிக்குப் பிறகு வருவது மாதக் கடைசி.

அன்றிரவு நான் வெளியே போகவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். கூடத்து விளக்கின் ஒரு கீற்று தொட்டிலில் விழுந்தது.

இரண்டு மணி பத்து நிமிடம். சுண்டு நெளிந்தாள். சிணுங்கினாள்.

நான் கையை நீட்டவில்லை.

முகத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்...

தப்-தப்... தப்.

நெஞ்சின் மேலிருந்த சட்டைத் துணி அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது.

யாரும் இல்லை.

சிணுங்கல் நின்றது. கண்கள் மூடின. சின்ன வாய் திறந்துகொண்டது.

தட்டல் மட்டும் நிற்கவில்லை.

தப்-தப்... தப். தப்-தப்... தப்.

எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஓடவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, அந்தத் துணியின் மேல் வைத்தேன்.

அடுத்த தட்டு என் புறங்கையில் விழுந்தது.

குளிர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

சூடாக இருந்தது...

காய்ச்சல்காரியின் கை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. அவள் போன பிறகு என்னை யாரும் தொட்டதில்லை. அந்த ஒரு கை என் கையில் தட்டிக்கொண்டிருந்தது. இது போதும், காப்பகமும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம், மூன்று பேரும் இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் சுண்டு போய்விடுவாள்.

"இங்க பாரு," என்றேன். மறுபடி சொன்னேன். "இங்க பாரு... குழந்தை தூங்கிடுச்சு. கையை எடு."

தட்டல் நின்றது.

உடனே மறுபடி தொடங்கியது. வேகமாக.

"பயப்படாதே. முழிச்சா நான் இருக்கேன். நான் பார்த்துக்குறேன். நீ எடுக்கலைன்னா அக்கா கொண்டு போயிடுவாங்க..." தொட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். "நிறுத்துறதுதான்டி பாடம்."

தப்-தப்... தப்.

தப்... தப்...

தப்.

அடுத்ததற்காகக் காத்திருந்தேன். கூடத்துக் கடிகாரம் மூன்று அடித்தது. என் புறங்கையில் சூடு மெல்ல ஆறியது. சுண்டு ஒருமுறை பெருமூச்சு விட்டு, தூக்கத்திலேயே முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

அடுத்தது வரவே இல்லை.

பிறகு வந்த இரவுகளில் சுண்டு சிணுங்குவாள், தன் விரலையே தேடிப் பிடித்துச் சப்புவாள், அடங்கிவிடுவாள். வெள்ளிக்கிழமை காப்பகக்காரி வாசலிலேயே சிரித்தாள். "வீட்டம்மா கெட்டிக்காரங்கதான். பழக்கத்தை மாத்திட்டாங்களே!" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அக்கா போனில், "ஜெயிச்சுட்ட தம்பி," என்று சொல்லிவிட்டு அழுதார். மறுநாளே பட்டறைக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது. வீடு மட்டும் முன்னைவிட அமைதியாகிவிட்டது. பல இரவுகள் தொட்டிலுக்குள் கையை விட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து, தடுப்பூசிக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்றபோது வயதான வார்டு ஆயா ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். அந்தக் கடைசி இரவு தீவிர சிகிச்சை அறையில் பணியில் இருந்தவராம்.

"இதுதானா அந்தக் குழந்தை? நல்லா தூங்குதாப்பா?"

"நல்லா தூங்குறாம்மா."

"உங்க சம்சாரத்தை என்னால மறக்க முடியலை. நினைவே கிடையாது. ஆனா ராத்திரி பூரா வலது கை மட்டும் மெத்தையைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தட்டு, அப்புறம் ஒண்ணு..."

சுண்டுவைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

அவர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விடியக்காலை மெஷின் நின்னுபோச்சு. டாக்டர் பார்த்துட்டு முடிஞ்சதுன்னு சொல்லிட்டார். கை நிக்கலை. ஏதோ நரம்புன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மனசு கேக்காம நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். என் கையைத் தட்டிக் குடுத்துச்சுப்பா."

"எப்போம்மா நின்னுச்சு?"

ஆயா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"துணி போட்டு மூடி, கீழே பிணவறைக்குக் கொண்டு போற வரைக்கும் நான் கூடவே போனேன். துணிக்கு அடியில அசைஞ்சுகிட்டே இருந்துச்சு. கதவைச் சாத்துற வரைக்கும் பார்த்தேன்... நிக்கலப்பா."

எங்கள் முறை வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். குனிந்து பார்த்தேன். சுண்டு என் தோளில் தூங்கியிருந்தாள்.

யாரும் தட்டாமலே.